பசி எப்படி வருகிறது, எப்படி அடங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டு அளவைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள் பெரும்பாலும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பசி என்பது ஹார்மோன்களும் நரம்புகளும் சேர்ந்து நடத்தும் கணக்கு. அந்தக் கணக்கு புரிந்தால் எங்கே கை வைக்கலாம், எங்கே வைத்தும் பயனில்லை என்பது தெரியும். எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பசி வயிற்றில் உருவாகிறதா, மூளையிலா?

உணர்வது வயிற்றில், முடிவாவது மூளையில். 1912-ல் வால்டர் கேனனின் ஆய்வகத்தில் வாஷ்பர்ன் என்ற மாணவர் ரப்பர் பலூன் ஒன்றை விழுங்கி, அதைக் காற்றால் நிரப்பி, இரைப்பை சுருங்குவதைப் பதிவு செய்தார். பசி கிள்ளும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்துவார். சுருக்கமும் பொத்தானும் ஒன்றாகவே வந்தன. அதனால் பசிக்குக் காரணம் இரைப்பையின் சுருக்கம்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் அறுவை செய்து இரைப்பையை முழுவதுமாக நீக்கியவர்களுக்கும் பசி எடுக்கிறது. ஆக, இரைப்பை செய்தி அனுப்பும் பல இடங்களில் ஒன்று, அவ்வளவே.

செய்திகள் வந்து சேரும் முக்கியமான இடம் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். 1951-ல் பால் கிருஷ்ண ஆனந்தும் ஜான் ப்ரோபெக்கும் எலிகளில் இதன் பக்கவாட்டுப் பகுதியைச் சேதப்படுத்தியபோது, அவை உணவு எதிரே இருந்தும் தொடவில்லை. அதற்கு முன்பே, நடுப்பகுதியைச் சேதப்படுத்தினால் எலிகள் அளவில்லாமல் தின்று பருக்கின்றன என்பது தெரிந்திருந்தது. இன்று இன்னும் நுட்பமாகத் தெரியும். ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் இரண்டு வகை நரம்பணுக்கள் அருகருகே இருக்கின்றன. ஏஜிஆர்பி வகை 'சாப்பிடு' என்கிறது, பிஓஎம்சி வகை 'போதும்' என்கிறது. ஏஜிஆர்பி அணுக்களை ஒளியால் தூண்டினால், வயிறு முட்டத் தின்ற எலிகூடச் சில நிமிடங்களில் மறுபடி தின்னத் தொடங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. பசித்த எலியின் முன் உணவை வைத்தால், அது வாய் வைக்கும் முன்பே, பார்த்த சில நொடிகளிலேயே ஏஜிஆர்பி அணுக்கள் அடங்கிவிடுகின்றன. தின்ன விடாமல் உணவை எடுத்துவிட்டால் மறுபடி கிளம்புகின்றன. மூளை நடப்பதை மட்டும் பார்க்கவில்லை, அடுத்து நடக்கப்போவதையும் கணித்து வைக்கிறது.

வயிறு கடமுடா என்றால் பசி என்று அர்த்தமா?

எப்போதும் அப்படித்தான் என்றில்லை. உணவு இல்லாத நேரத்தில் இரைப்பையிலும் சிறுகுடலிலும் சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை பலமான சுருக்க அலை ஒன்று ஓடும். மிச்சம் மீதியையும் கிருமிகளையும் கீழே தள்ளும் துப்புரவு வேலை அது. உள்ளே காற்றும் நீரும் கலந்திருப்பதால் சத்தம் வருகிறது. செரிமானம் நடக்கும்போதும் சத்தம் கேட்கும். சத்தத்தை மட்டும் வைத்துச் சாப்பிட உட்கார வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரம் வந்ததும் கடிகாரம் வைத்தாற்போல் பசிக்கிறதே, ஏன்?

கிரெலின் என்ற ஹார்மோனால். 1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்கவா குழுவினர் கண்டுபிடித்தது. பெரும்பகுதி இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஒருவர் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு முன் இது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் உடல் அந்த நேரத்தைக் கற்றுக்கொள்கிறது.

பசி ஏறிக்கொண்டே போய்த் தாங்க முடியாததாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒருவேளை சாப்பிடாமல் விட்டாலும், வழக்கமான நேரம் தாண்டியதும் கிரெலின் தானாகவே ஓரளவு இறங்கும். பசி அலை அலையாக வரும், போகும். சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கு முதல் சில நாட்கள் பழைய நேரத்தில் பசிப்பதும், பிறகு அது புதிய நேரத்துக்கு நகர்வதும் இதனால்தான். நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இதைத் தாங்களாகச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

முதல் வாய் முதல் வயிறு நிறையும் வரை உள்ளே என்ன நடக்கிறது?

வேலை வாய்க்குப் போகும் முன்பே தொடங்குகிறது. வாசனையும் காட்சியும் எச்சிலையும் இரைப்பை அமிலத்தையும் சுரக்கவைக்கின்றன, கொஞ்சம் இன்சுலினும் வெளிவருகிறது.

வெறும் இரைப்பையின் கொள்ளளவு 100 மில்லிக்கும் குறைவு. உணவு இறங்க இறங்க அதன் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும். ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை பெரிய சிரமமில்லாமல் விரியும். சுவரில் உள்ள விரிவை உணரும் நரம்பு முனைகள், வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. இந்தச் செய்திக்குக் கலோரி தெரியாது, கன அளவு மட்டுமே தெரியும். அதனால் வெறும் தண்ணீர் தரும் நிறைவு சீக்கிரம் கரைந்துவிடுகிறது.

கலோரியைக் கணக்கிடுவது சிறுகுடல். கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் சுரக்கிறது. சாப்பிடத் தொடங்கிய 10, 15 நிமிடத்தில் இது இரத்தத்தில் ஏறியிருக்கும். இரைப்பையின் வாசலைச் சுருக்கி, உணவு கீழே இறங்கும் வேகத்தைக் குறைக்கும். வேகஸ் வழியாக 'போதும்' என்றும் சொல்லும். இன்னும் கீழே, குடலின் கடைசிப் பகுதியில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரு ஹார்மோன்கள் சுரக்கின்றன. செரிக்காத கொழுப்பு அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தால் மேலே முழுப் பாதையும் மெதுவாகும்.

இதற்கிடையில் இரைப்பை திட உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாக அரைத்த பிறகுதான் வெளியே விடும். சாதாரணச் சாப்பாட்டில் பாதி வெளியேற ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஏறத்தாழ முழுதும் காலியாக நான்கு மணி நேரம். தண்ணீரோ இருபது நிமிடத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

'வயிறு நிறைந்தது தெரிய 20 நிமிடம் ஆகும்' என்பது உண்மையா?

கணக்கு துல்லியமில்லை, கருத்து சரி. விரிவுச் செய்தி உடனே போகும், குடல் ஹார்மோன்கள் ஏறக் காலமெடுக்கும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு இரண்டாவது செய்தி வருமுன்பே சாப்பாடு முடிந்திருக்கும். எழுந்து கை கழுவி உட்கார்ந்த பிறகுதான் வயிறு கனக்கும்.

வேகத்தைக் குறைக்கச் சொன்னால் பலர் ஒவ்வொரு வாய்க்கும் 30 முறை மெல்ல முயன்று, இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். அதைவிட எளிது: மென்று சாப்பிட்டே ஆகவேண்டிய உணவைத் தட்டில் வைப்பது. வாயில் இருப்பது விழுங்கப்படும் வரை அடுத்த வாய் எடுக்காமல் இருப்பது. இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளும் முன் பத்து நிமிடம் விடுவது. பத்து நிமிடத்துக்குப் பிறகும் பசித்தால் தயங்காமல் சாப்பிடலாம்.

எந்த உணவு நெடுநேரம் பசி தாங்கும்?

1995-ல் சூசன் ஹோல்ட் குழுவினர் ஆஸ்திரேலியாவில் 38 உணவுகளை ஒப்பிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை நிறைவு எவ்வளவு என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. வெண்ணெய் சேர்த்த குரோசான் என்ற பிரெஞ்சு அடுக்கு ரொட்டிக்கு 47. ஒரே கலோரிதான், ஆனால் அது உருளைக்கிழங்காக வந்தால் ஒரு பெரிய தட்டு, குரோசானாக வந்தால் நாலு வாய்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் மூன்று. முதலாவது, கலோரிக்கு எடை அதிகமாக இருக்க வேண்டும். நீர்ச்சத்துள்ள காய்கறி, பழம், வேகவைத்த கிழங்கு, பயறு எல்லாம் இந்த வகை. ஆனால் அதே உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரித்தால் நீர் வெளியேறி எண்ணெய் உள்ளே போய், 100 கிராமுக்குச் சுமார் 85 கலோரி இருந்தது வறுவலாகும்போது 500-ஐத் தாண்டிவிடும்.

இரண்டாவது, புரதம். ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் இருந்தால் பெரியவர்களுக்கு நிறைவு நன்றாக நிற்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 18 கிராம், 200 கிராம் தயிரில் 7 கிராம். பெரும்பாலானோரின் காலை உணவைக் கூட்டிப் பார்த்தால் 10 கிராம்கூட வராது. காலை பதினொரு மணிப் பசிக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரத அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நார்ச்சத்து, நாளுக்கு 25 முதல் 30 கிராம். ஒரே நாளில் இந்த அளவுக்கு ஏற்றினால் வயிறு ஊதும், காற்று பிரியும், பிறகு அந்தப் பக்கமே போகத் தோன்றாது. வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

பானமாகக் குடிக்கும் கலோரியைத் தனியே சொல்ல வேண்டும். ஒரு குவளைச் சாற்றுக்கு மூன்று, நான்கு ஆரஞ்சு வேண்டும். பழமாகச் சாப்பிட்டால் இரண்டிலேயே போதும் என்று தோன்றும். சாறாக ஒரு நிமிடத்தில் குடித்துவிட்டு அடுத்த வேளையைக் குறைக்காமலும் சாப்பிடுவோம். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இனிப்புப் பானங்களை நிறுத்துவதையே.

சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்தால் பலன் உண்டா?

கொஞ்சம் உண்டு, குறிப்பாக நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு. வயதாகும்போது இரைப்பை மெதுவாகக் காலியாவதால், அரை லிட்டர் தண்ணீர் அரை மணி நேரம் முன்பு குடித்தால் அவர்கள் சாப்பிடும் அளவு குறைகிறது. இளைஞர்களுக்கு இதன் பலன் பெரும்பாலும் தெரிவதில்லை. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் முயல வேண்டாம்.

வயிறு முட்டியபின்னும் இனிப்புக்கு மட்டும் எப்படி இடம் கிடைக்கிறது?

ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிடும்போது அந்தச் சுவையின் மீதுள்ள ஆசைதான் முதலில் குறைகிறது. புதிய சுவைக்கு ஆசை அப்படியே இருக்கும். பலவகை உணவு தேடி உடலுக்கு வேண்டிய எல்லாச் சத்தையும் பெற இது நமக்கு உதவியது. விருந்தில் இருபது வகை இருக்கும்போது அதுவே நம்மைக் கவிழ்க்கிறது.

2025-ல் வெளியான எலி ஆய்வு ஒன்று இன்னொரு காரணத்தையும் காட்டியது: 'போதும்' என்று சொல்லும் பிஓஎம்சி அணுக்களே, சர்க்கரையைக் கண்டால் உடலின் சொந்த அபின் போன்ற பீட்டா-எண்டார்ஃபினையும் வெளிவிடுகின்றன. வீட்டில் செய்யக்கூடியது, ஒரு வேளைக்குச் சுவைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காய்கறி வகைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

பாக்கெட் உணவு என்றால் அளவு தெரியாமல் போவது ஏன்?

கெவின் ஹால் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை ஒரு மாதம் மருத்துவ மையத்திலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு நாட்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது. சாப்பிட்ட வேகமும் பதப்படுத்திய உணவில்தான் அதிகம். மென்மையாக, நீர் குறைவாக, வாயில் கரையும்படி செய்த உணவு நிறைவுச் செய்திகளை முந்திக்கொண்டு உள்ளே போகிறது.

டிவி பார்த்தபடி சாப்பிடுவதில் என்ன தவறு?

நிறைவில் நினைவுக்கும் பங்குண்டு. 1998-ல் பால் ரோசின் குழுவினர் கடுமையான மறதி நோயுள்ள இருவரைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட்டு முடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடி முழுச் சாப்பாடு வைத்தால், அவர்கள் அதையும் சாப்பிட்டார்கள், மூன்றாவதையும் பல முறை தொடங்கினார்கள். வயிறு நிறைந்துதான் இருந்தது. சாப்பிட்டோம் என்ற நினைவு இல்லை. திரையில் கண் வைத்துச் சாப்பிடும்போது இந்த நினைவு மங்குகிறது. அந்த வேளையிலும் அடுத்த வேளையிலும் அளவு கூடுகிறது.

எடை குறைத்த பிறகு பசி ஏன் இப்படி வாட்டுகிறது? பழைய எடைக்கே திரும்பிவிடுகிறேனே?

உங்கள் மேல் தவறில்லை. இதைத்தான் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது.

கொழுப்பணுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்தது இது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை இதைப் பஞ்சம் வந்ததாக எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, ஆற்றல் செலவைக் குறைக்கிறது. ஒரு கணிப்பின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆற்றல் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி இறங்குகிறது, பசியோ நாளுக்குச் சுமார் 100 கலோரி ஏறுகிறது. பத்து கிலோ குறைத்தவரை உள்ளேயிருந்து நாளும் ஆயிரம் கலோரி அளவுக்குப் பசி இழுக்கிறது என்றால், அவர் எதிர்த்து நிற்பதன் கடினம் புரியும். 2011-ல் வந்த ஆய்வொன்று, எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் கிரெலின் உயர்ந்தும் லெப்டினும் பிஒய்ஒய்யும் தாழ்ந்தும் இருந்ததைக் காட்டியது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோம் என்பதற்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வே சாட்சி. நலமான 36 இளைஞர்கள், 24 வாரம், நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. உடல் எடையில் கால்பங்கு போனது. வேறெதிலும் நாட்டமில்லாமல் சமையல் குறிப்புகளைப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வும் சூழ்ந்தன. உணவு திரும்பக் கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி தீரவில்லை என்றார்கள். அந்த 1,600 கலோரி இன்றைய உணவுக்கட்டுப்பாட்டுத் திட்டங்கள் பலவற்றைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

நடைமுறையில்: ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் என்று குறிவைத்து, அங்கே சில மாதம் நிலைநிறுத்துங்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள். தசையைக் காக்க வாரம் இருமுறையாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். எடை குறைந்ததும் திட்டம் முடிந்தது என்று நினைக்காதீர்கள், பசி கூடுதலாக இருக்கும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

அப்படியானால் லெப்டினை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

பலன் இராது. உடல்பருமன் உள்ளவர்களிடம் லெப்டின் ஏற்கெனவே அதிகம், மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிக அரிய குழந்தைகளுக்கோ இது மறுவாழ்வு தரும் மருந்து.

ஜிஎல்பி-1 ஊசிகள் பசியை எப்படிக் குறைக்கின்றன?

நம் உடலின் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்துக்குள் பாதி சிதைந்துவிடும். இந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடு அதே வேலையைச் செய்கிறது, ஆனால் பாதி சிதைய ஒரு வாரம் ஆகும். மூளையில் நேரடியாகப் பசியைத் தணிக்கிறது, இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. உணவைப் பற்றி ஓயாமல் மனதில் ஓடும் பேச்சு அடங்கியதாகப் பலரும் சொல்கிறார்கள். பெரிய ஆய்வொன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பொதுவானவை. அளவை வேகமாக ஏற்றுவதும், பழைய அளவிலேயே சாப்பிட முயல்வதும்தான் பெரும்பாலும் காரணம். வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவது முறை. கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தூக்கம் கெட்டால் பசி கூடுமா?

கூடும். இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களிடம் லெப்டின் 18 சதவீதம் இறங்கி, கிரெலின் 28 சதவீதம் ஏறியது 2004-ல் பதிவானது. ஆய்வு சிறியது, ஆனால் குறைந்த தூக்கத்தில் அதிகம் சாப்பிடுகிறோம் என்பதைப் பின்னர் வந்தவையும் காட்டின. உணவுத் திட்டம் தோற்றுக்கொண்டே இருந்தால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள்.

இது பசியா, வெறும் ஆசையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பசி மெல்ல ஏறும், எதைக் கொடுத்தாலும் தீரும். ஆசை சட்டென வரும், ஒரே பண்டத்தைக் கேட்கும். ஒரு வாரம் இதைச் செய்துபாருங்கள்: சாப்பிடும் முன் பசிக்கு 1 முதல் 10 வரை எண் போடுங்கள். 1 என்றால் காதடைக்கும் பசி, 10 என்றால் மூச்சு முட்டும் நிறைவு. 3-ல் தொடங்கி 7-ல் நிறுத்துவது வசதியான எல்லை. 1 வரை காத்திருப்பவர்கள் 9-ல்தான் நிறுத்துகிறார்கள் என்பது பெரும்பாலான குறிப்பேடுகளில் தெரியும். 5-க்கு மேல் இருக்கும்போதே சாப்பிடத் தோன்றினால் அந்த நேரத்தையும் மனநிலையையும் எழுதுங்கள்.

உணவுக் கோளாறு இருந்தவர்கள் இந்த எண் விளையாட்டைத் தவிர்க்க வேண்டும்.

காய்ச்சலில் பசி போய்விடுகிறது. வற்புறுத்திச் சாப்பிட வேண்டுமா?

நோயெதிர்ப்பு அணுக்கள் விடும் வேதிப்பொருட்கள் மூளையில் பசியை அடக்குகின்றன. இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடலாம், நீரும் உப்பும் மட்டும் குறையக் கூடாது. முதியவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இயல்பாகவே பசி குறைகிறது, ஒருமுறை இழந்த எடை திரும்புவது கடினம். சிறு சிறு அளவில் ஐந்தாறு வேளை கொடுங்கள், ஒவ்வொன்றிலும் புரதம் இருக்கட்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

முயலாமலே 6 முதல் 12 மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால். பசியும் தாகமும் சிறுநீரும் கூடி எடை குறைந்தால் நீரிழிவாக இருக்கலாம். படபடப்பும் வியர்வையும் சேர்ந்தால் தைராய்டு மிகையாகச் சுரப்பது காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு, ஒலான்சபின், மிர்டாசபின் போன்ற மருந்துகள் தொடங்கியபின் பசி பெருகினால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். அளவில்லாமல் தின்று வாந்தி எடுப்பதும், எடை குறைந்தும் சாப்பிட அஞ்சுவதும் சிகிச்சை தேவைப்படும் நோய்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அவரை மருத்துவமனையில்தான் உண்ணவைக்க வேண்டும்.

நீரிழிவு மருந்து எடுப்பவருக்குத் திடீர்ப் பசியோடு நடுக்கமும் வியர்வையும் வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70 mg/dL-க்குக் கீழ் இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி, நீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொருமுறை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.